பேரிடர் நேரத்தில் சமூக வலைதளப் பதிவுகள்: எதற்கு உதவும், எங்கே காலை வாரும்?

கேள்வி சுருக்கமாக இது: "நாங்கள் சில மென்பொருள் பொறியாளர்கள். வெள்ளமோ நிலநடுக்கமோ வரும்போது மக்கள் சமூக வலைதளங்களில் போடும் பதிவுகளைத் தானாகத் திரட்டி, செயற்கை நுண்ணறிவால் வகை பிரித்து, மீட்புக் குழுக்களுக்கு ஒரு வரைபடமாகக் கொடுக்க நினைக்கிறோம். இது உண்மையில் பயன்படுமா? எங்கிருந்து தொடங்குவது?"

பயன்படும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பதிவுகளைத் திரட்டுவதும் வகை பிரிப்பதும் இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சீக்கிரமே ஏதோ ஒன்று ஓடத் தொடங்கிவிடும். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்த பிறகு அதை யார் பார்ப்பார், பார்த்தவருக்குப் படகை அனுப்பும் அதிகாரம் உண்டா, ஆட்களை மீட்ட பிறகு அந்தப் புள்ளியை யார் நீக்குவார் என்கிற இடத்தில்தான் இப்படிப்பட்ட முயற்சிகள் நின்றுபோகின்றன. அதனால் அந்த முனையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

முதலில் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பொது நிலவரம்: எந்தப் பகுதியில் பாதிப்பு அதிகம், எந்தச் சாலை துண்டிக்கப்பட்டிருக்கிறது, எங்கே மின்சாரம் இல்லை. இன்னொன்று, தனி மனிதரின் உதவிக் கோரிக்கை: இந்த வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பேர் இருக்கிறோம், ஒருவருக்கு டயாலிசிஸ் செய்தாக வேண்டும். முதலாவதில் நூறு பதிவுகளில் இருபது தப்பாக இருந்தாலும் மொத்தப் படம் ஓரளவு சரியாகவே வரும். இரண்டாவதில் ஒரே ஒரு தப்பு, ஒரு படகையும் அதிலுள்ளவர்களையும் வேறு திசைக்கு அனுப்பிவிடும். இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால் இரண்டுமே கெடும்.

பொது நிலவரம் அறிவதில் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ், ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) 'நிலநடுக்கம்' என்ற பொருள் தரும் சொற்கள் திடீரென்று எகிறுவதை மட்டும் வைத்து நிலநடுக்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஐந்து மாதத் தரவில் சோதித்தது. 48 நிலநடுக்கங்கள் பிடிபட்டன. தவறான எச்சரிக்கை இரண்டே இரண்டு. அதே காலத்தில் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருந்தவை 5,175. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லையே என்று தோன்றும். ஆனால் பிடிபட்டவை பெரும்பாலும் நிறையப் பேர் உணர்ந்த நிலநடுக்கங்கள். அவற்றில் முக்கால் பங்கு இரண்டு நிமிடத்துக்குள் தெரிந்துவிட்டன. எவ்வளவு ரிக்டர், எங்கே மையம் என்பதை ட்வீட் சொல்லாது. 'மக்கள் இருக்கும் இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது, பாருங்கள்' என்று சொல்லும், அதுவும் நிலநடுக்கமானிகள் குறைவாக இருக்கும் நாடுகளில் வேகமாகச் சொல்லும். கருவி செய்யும் வேலையைக் கருவியிடமே விட்டுவிட்டு, கருவிக்குத் தெரியாததை மட்டும் மக்களிடம் கேட்பதுதான் சரியான வேலைப்பங்கீடு.

இனி எண்ணிக்கையை எப்படி வாசிப்பது என்ற விஷயம். 2012 அக்டோபரில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயலின்போது 2 கோடிக்கும் மேற்பட்ட ட்வீட்கள் வந்தன. அவற்றை அப்படியே வரைபடத்தில் போட்டால் நியூயார்க்கின் மையப் பகுதியான மான்ஹாட்டன்தான் அதிகம் பாதிக்கப்பட்டது போலத் தெரியும். கைபேசியும் ட்விட்டர் பழக்கமும் அதிகமுள்ள இடம் அது. உண்மையில் அடி வாங்கிய பிரீஸி பாயின்ட், ராக்அவே போன்ற கரையோரப் பகுதிகளிலிருந்து வந்த பதிவுகள் மிகக் குறைவு. அதே புயலைப் பற்றி 2016-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் கணக்கிட்டால் ட்வீட் அளவும் பொருள் சேதமும் நன்றாகவே ஒத்துப்போகின்றன என்று காட்டியது. இரண்டும் முரண்பாடு இல்லை. தலைக்கு எத்தனை பதிவு, சாதாரண நாளோடு ஒப்பிட்டால் எவ்வளவு கூடுதல், புயலுக்கு முன்பா பின்பா என்று பிரித்துப் பார்க்காத வரைபடம் பணக்காரப் பகுதிகளின் வரைபடமாகத்தான் முடியும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: பதிவு வராத இடமும் ஒரு தகவல். ஐரோப்பிய-மத்தியதரைக்கடல் நிலநடுக்கவியல் மையம் (இஎம்எஸ்சி) தன் இணையதளத்துக்குள் ஒரே பகுதியிலிருந்து திடீரென்று கூட்டம் வருவதை வைத்து நிலநடுக்கத்தை உணர்கிறது. ஒரு பகுதியின் இணைப்புகள் ஒரே நொடியில் மொத்தமாக அறுந்தால் அங்கே மின்சாரமோ இணையமோ போயிருக்கலாம் என்றும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் வரைபடத்திலும் இதைச் செய்யலாம். வழக்கமாகப் பேசும் ஊர் இன்று பேசவில்லை என்றால் அதைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். வெள்ளை நிறத்தில் விட்டால் 'அங்கே பிரச்சினை இல்லை' என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

சரி, தனிநபர் கோரிக்கைகளுக்கு வருவோம். சிக்கல் முழுக்க இங்கேதான்.

இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 2010 ஜனவரி 12-இல் ஹைட்டியில் நடந்த நிலநடுக்கம். உஷாஹிடி என்ற கென்யாவில் பிறந்த மென்பொருளில், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் நெருக்கடி வரைபடம் ஒன்றைத் திறந்தார்கள். 4636 என்ற எண்ணுக்கு இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஹைட்டி கிரியோல் மொழியில் வந்த செய்திகளை, உலகெங்கும் இருந்த ஹைட்டியர்கள் மொழிபெயர்த்து இடத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். இது சமூக ஊடகத்தின் வெற்றி என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. என் பார்வையில் வெற்றி வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே முதுகெலும்பாக இருந்தவை சாதாரணக் குறுஞ்செய்தி, அந்த மண்ணின் தெருக்களை அறிந்த மனிதர்கள், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அவசரமாக வரைந்து முடித்த போர்ட்-ஓ-பிரின்ஸ் நகர வரைபடம், இந்த மூன்றும்தான். கடைசி ஒன்று இல்லாவிட்டால் முகவரி கிடைத்தும் புள்ளி வைக்க இடம் இருந்திருக்காது.

இடம் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல். பதிவோடு ஜிபிஎஸ் இடக்குறி வரும் என்று நம்பாதீர்கள். அது எப்போதுமே நூற்றுக்கு ஒன்றிரண்டு ட்வீட்களில்தான் இருந்தது. 2019 ஜூனில் ட்விட்டர் துல்லிய இடக்குறி வசதியைச் சாதாரணப் பதிவுகளிலிருந்து எடுத்தும்விட்டது. ஆக, இடத்தை எழுத்திலிருந்துதான் பிடுங்க வேண்டும். எழுத்தில் என்ன இருக்கும்? 'பழைய பாலத்துக்குப் பின்னால் பச்சை வீடு', 'ஸ்டேஷன் ரோடு மூன்றாவது சந்து'. ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஸ்டேஷன் ரோடு இருக்கும். பதிவு போட்டவர் வேறு நாட்டில் இருக்கலாம். சிக்கியிருப்பது அவருடைய அம்மா. பதிவரின் ஊரை வைத்துப் புள்ளி போட்டால் அது வேறொரு கண்டத்தில் விழும். ஆங்கிலத்தில் பயிற்சி பெற்ற கருவிகள் 'பாலத்துக்குப் பின்னால்', 'ஆற்றோரத்திலிருந்து' போன்றவற்றில் தடுமாறும். ஊர்ப்பெயரோடு உருபு ஒட்டிக்கொள்ளும் எந்த மொழிக்கும் இந்தத் தொல்லை உண்டு, துருக்கி மொழிக்கும்தான். அதே மொழியை ரோமன் எழுத்தில் தட்டுபவர்கள் வேறு. இதற்கு மாற்று மருந்து பெரிய செயற்கை நுண்ணறிவு மாடல் இல்லை. உள்ளூர்த் தெருப்பெயர்கள், பேச்சுவழக்குப் பெயர்கள், அடையாள இடங்கள் எல்லாம் அடங்கிய பட்டியலை அமைதியான காலத்திலேயே தொகுத்து வையுங்கள். அதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே ஏற்றினால் எல்லோருக்கும் பயன்.

2023 பிப்ரவரி 6-இல் துருக்கி, சிரியா எல்லையில் 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, இடிபாடுகளுக்குள்ளிருந்தே சிலர் தங்கள் முகவரியைப் பதிவிட்டார்கள். துருக்கியின் மென்பொருள் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் கூடி, பதிவுகளிலிருந்து முகவரியைப் பிரித்தெடுத்து வரைபடமாக்கினார்கள். நீங்கள் செய்ய நினைப்பதற்கு மிக நெருக்கமான உதாரணம் இது. அவர்களின் நிரல்கள் திறந்த மூலமாகக் கிடைப்பதால் படித்துப் பாருங்கள். அதே நிகழ்வில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. நிலநடுக்கத்துக்கு நாலு நாள் முன்பு, பிப்ரவரி 2-இல், ட்விட்டர் தன் இலவச ஏபிஐ சேவையை (பிற மென்பொருள்கள் பதிவுகளைத் தானாகப் பெறும் வழி) நிறுத்தப் போவதாக அறிவித்திருந்தது. பிப்ரவரி 8-இல், மீட்புப் பணி உச்சத்தில் இருக்கும்போதே, துருக்கியில் ட்விட்டர் சில மணி நேரம் முடக்கப்பட்டது. பேஸ்புக் பதிவுகளை ஆராய ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்திவந்த கிரவுட்டாங்கிள் கருவியை, பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. வேறொரு நிறுவனத்தின் கதவு வழியாக மட்டுமே வரும் தரவை நம்பி உயிர்காக்கும் அமைப்பைக் கட்டக் கூடாது. அப்புறம், வாட்ஸ்அப்பில் ஓடுவது எதுவும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பல ஊர்களில் பேச்சு முழுக்க அங்கேதான்.

அடுத்த தலைவலி, பழைய பதிவுகளும் நகல்களும். ஒரு குடும்பம் சிக்கியிருக்கிறது என்ற செய்தியைப் பத்துப் பேர் பகிர்வார்கள், நூறு பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார்கள், யாரோ ஒருவர் வார்த்தையை மாற்றி எழுதுவார். படகு போய் அவர்களை மீட்டுக் கரை சேர்த்த பிறகும் அந்தச் செய்தி இரண்டு நாள் சுற்றும். பகிர்பவருக்கு நல்ல மனசு. மீட்டது அவருக்குத் தெரியாது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் தன்னார்வப் பொறியாளர்களும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய கேரளா ரெஸ்க்யூ தளம் கோரிக்கைகளை ஒரே படிவத்தில் வாங்கியது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு, இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா, எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். எந்தத் தொழில்நுட்பத்தைவிடவும் இந்தத் தொலைபேசி அழைப்புதான் கோரிக்கையைக் கோரிக்கையாக ஆக்குகிறது. தொலைபேசி எண்ணை முதன்மை அடையாளமாக வைத்தால் நகல்களில் பெரும்பகுதி தானே ஒன்றாகிவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரமுத்திரை கட்டாயம். இத்தனை மணி நேரத்துக்குள் யாரும் மறு உறுதி செய்யாவிட்டால் அதன் நிறம் மங்க வேண்டும்; தானாக அழியக் கூடாது.

2017-இல் ஹூஸ்டன் நகரத்தை ஹார்வி புயல் மூழ்கடித்தபோது, அவசர உதவி எண்ணான 911-க்குத் தாங்க முடியாத அளவு அழைப்புகள் வந்ததால் மக்கள் ட்விட்டரிலும் பேஸ்புக்கிலும் முகவரி போட்டார்கள். ஸெல்லோ என்ற வாக்கி-டாக்கி செயலி வழியாகப் படகு வைத்திருந்த தன்னார்வலர்கள் ஒருங்கிணைந்தார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையோ, உயிராபத்தைச் சமூக வலைதளத்தில் தெரிவிக்காதீர்கள், தொலைபேசியில் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். கட்டுப்பாட்டு அறையில் வரும் அழைப்புக்கு ஒரு எண் உண்டு, எடுத்தவர் பெயர் உண்டு, முடிந்ததா என்ற கட்டம் உண்டு. ட்வீட்டுக்கு இவை எதுவும் கிடையாது. அந்த மூன்றையும் ட்வீட்டுக்கு ஒட்டித் தருவதுதான் உங்கள் மென்பொருளின் வேலை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கத்தார் கணினி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஏஐடிஆர் என்ற தளம் பத்தாண்டுக்கு மேலாக இதைச் செய்துகாட்டியிருக்கிறது: தன்னார்வலர்கள் சில நூறு பதிவுகளைக் கையால் வகைப்படுத்த, மாடல் அதிலிருந்து கற்றுக்கொண்டு மிச்சத்தைப் பிரிக்கும். அவர்கள் வெளியிட்ட ஹியூமெய்ட் தொகுப்பில் 2016 முதல் 2019 வரையிலான 19 பேரிடர்களிலிருந்து சுமார் 77,000 ட்வீட்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. பயிற்சிக்கு நல்ல தொடக்கம், ஆங்கிலத்தில். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பதிவுகளில் 500 மட்டுமே உண்மையான உதவிக் கோரிக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாடல் அவற்றில் 450-ஐப் பிடிக்கிறது, மற்றவற்றில் நூற்றுக்கு இரண்டை மட்டும் தப்பாகக் கோரிக்கை என்கிறது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் திரையில் 2,440 பதிவுகள் வரும். அவற்றில் 1,990 பொய். ஐந்தில் நாலு வீண் என்று தெரிந்ததும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அந்தத் திரையை மூடிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் மாடல் முடிவெடுக்க வேண்டாம், வரிசைப்படுத்தினால் போதும்: தொலைபேசி எண், இடப்பெயர், ஆட்களின் எண்ணிக்கை மூன்றும் உள்ளவை மேலே, 'பிரார்த்திக்கிறோம்' ரகம் கீழே. மேலிருந்து மனிதர்கள் படித்துக்கொண்டு வரட்டும். ஒரு நிலநடுக்கத்தில் கற்ற மாடல் வெள்ளத்தில் சறுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு நிகழ்விலும் முதல் சில மணி நேரம் புதிதாக வகைப்படுத்த ஆட்கள் தேவை.

பொய்ச் செய்தி பற்றிப் பலரும் பயப்படும் அளவுக்கு நான் பயப்படுவதில்லை, ஆனால் அதன் தன்மை மாறிவருகிறது. சாண்டி புயலில் தெருவில் சுறா நீந்தும் படம் போன்ற போலிப் படங்களுடன் 10,350 ட்வீட்கள் வந்ததை ஒரு ஆய்வு கணக்கெடுத்தது. அவற்றில் 86 சதவீதம் வெறும் மறுபகிர்வு. மூலத்தைப் பிடித்தால் போதும், கூட்டம் கலைந்துவிடும். 2010 சிலி நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர்கள், வதந்திகளுக்கு உண்மைச் செய்திகளைவிட அதிகமாகச் சந்தேகக் கேள்விகளும் மறுப்புகளும் வருவதைக் கண்டார்கள். எனவே பதிவை மட்டும் சேமிக்காமல் அதற்கு வரும் பதில்களையும் சேமியுங்கள். ஜப்பானில் 2016 குமமோட்டோ நிலநடுக்கத்தின்போது மிருகக்காட்சி சாலையிலிருந்து சிங்கம் தப்பிவிட்டது என்று பொய்ப் பதிவு போட்ட இளைஞர் கைதானார், அது விளையாட்டு. 2024 ஜனவரி 1 நோட்டோ நிலநடுக்கத்தில் வந்தது வேறு மாதிரி: பார்வை எண்ணிக்கைக்குக் காசு கிடைக்கும் என்பதால் போலி உதவிக் கோரிக்கைகளையே நகலெடுத்துப் போட்டார்கள். உங்கள் மாடல் தேடும் அத்தனை அடையாளங்களும் அவற்றில் இருக்கும். தொலைபேசியில் கூப்பிடுவது இதற்கும் சேர்த்துத்தான்.

என்னைக் கேட்டால், திரட்டுவதைவிடக் கேட்பது மேல். ஜகார்த்தாவின் பேட்டாபென்சானா திட்டம் இதை அழகாகச் செய்தது. யாராவது வெள்ளம் என்று ட்வீட் செய்தால் தானியங்கிக் கணக்கு உடனே பதில் போடும்: நீங்கள் வெள்ளத்தைப் பார்க்கிறீர்களா, இந்த இணைப்பில் இடம், நீர் உயரம், படம் கொடுங்கள். கொடுத்தவை மட்டுமே வரைபடத்தில் ஏறும். நகரத்தின் பேரிடர் மேலாண்மை முகமையும் அதே வரைபடத்தைப் பயன்படுத்தியது. குப்பையைச் சலிக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம், ஒப்புதலும் கிடைத்துவிடுகிறது.

ஒப்புதல் என்றதும் சொல்ல வேண்டியது, தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் முகவரியும் எண்ணும் பொது வரைபடத்தில் இருப்பது வேறொரு ஆபத்து. கலவரமோ போரோ உள்ள இடங்களில், மக்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று ஊருக்கே காட்டுவதாக ஆகிவிடும். பொதுமக்களுக்கான வரைபடத்தில் பகுதி அளவில் எண்ணிக்கை மட்டும் போதும். முழு விவரம் கடவுச்சொல்லுக்குப் பின்னால், பொறுப்பேற்றவர்களுக்கு மட்டும்.

தொடங்கும் விதம் இதுதான். நிரல் எழுதும் முன் உங்கள் பகுதிக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அழைப்புகளை எந்தப் படிவத்தில் பதிகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் தரவின் கட்டங்கள் அந்தப் படிவத்தோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்த வேண்டும். பேரிடரின்போது உங்களில் ஒருவர் அங்கே உட்கார அனுமதி வாங்குங்கள். இணையப் பதிவுகளைக் கவனித்துத் தரும், விஓஎஸ்டி எனப்படும் மெய்நிகர் உதவிக் குழுக்கள் 2011 முதல் பல நாடுகளில் இப்படிப் பேரிடர் அமைப்புகளோடு இணைந்துதான் இயங்குகின்றன. ஜெர்மனியில் அரசின் தொழில்நுட்ப நிவாரண அமைப்பே ஒன்றை வைத்திருக்கிறது. கோரிக்கைக்கு நாலே நிலைகள் வையுங்கள்: புதியது, உறுதியானது, ஒப்படைத்தது, முடிந்தது. பழைய பேரிடர்த் தரவை உண்மையான வேகத்தில் ஓடவிட்டு ஒரு முழு இரவு ஒத்திகை பாருங்கள். தூக்கம் வரும் நேரத்தில் எங்கே தப்பு நடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். இணையம் போனால் பட்டியலை அச்செடுத்துக் கொடுக்க ஒரு பொத்தான் வையுங்கள். பேரிடர் முடிந்து எத்தனை நாளில் தனிநபர் விவரங்களை அழிப்பீர்கள், அதை யார் செய்வார் என்பதையும் அந்த ஒத்திகைக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள்.